இணையத்தில் தேடிப் படிப்பதைக் குறித்து வைக்க எந்தச் செயலி? ராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகள், ஓய்வுபெற்றபின் ஊர் வரலாறு எழுத உட்காரும் ஆசிரியர்கள், மீனவர் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குறிப்பு எடுக்க எந்த ஆப் நல்லது?" இதற்கு யூடியூபில் பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்ல வைஃபையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் குறிப்பு எடுப்பவர்கள். அவர்கள் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் செயலி, வாலிநோக்கத்தில் சிக்னல் போன நேரத்தில் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம். தமிழில் தேடினால் கைவிரிக்கலாம்.

பல செயலிகளோடு மல்லுக்கட்டிய பிறகு நான் பார்ப்பது மூன்றே விஷயங்களைத்தான். தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும். சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும். நாளைக்கே அந்த நிறுவனம் கடையைக் கட்டினாலும் என் குறிப்பு என்னோடு வர வேண்டும். அழகான வண்ணங்கள், ஏஐ சுருக்கம், அட்டவணை எல்லாம் அப்புறம்தான்.

1. இறக்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்

என்னென்ன சேரப்போகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். வெறும் எழுத்தா, பிடிஎஃப்களா, புகைப்படமா, குரல் பதிவா? கடல் பாசி, மீன்வளம் பற்றித் தேடுபவர் என்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில்தான் பாதி நேரம் போகும். மண்டபத்தில் மண்டல மையம் வைத்திருக்கும் அதே நிறுவனம்தான். அங்கே பழைய அறிக்கைகள் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. அழகன்குளம், பெரியபட்டினம் என்று தொல்லியல் பக்கம் போகிறவருக்கு தமிழ் மின் நூலகமும் இன்டர்நெட் ஆர்கைவும் வேண்டியிருக்கும். அங்கே இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த கனமான கோப்புகள். மீன்பிடித் தடைக்காலம், அரசாணை, நிவாரணம் என்று தேடுபவருக்குச் செய்தித் துணுக்குகளும் அரசுத் தளங்களும்தான் அதிகம் சேரும்.

அடுத்தது, உங்கள் கையில் இருப்பது என்ன? செல்போன் மட்டுமா, வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பும் உண்டா? இதை மறைக்காமல் எழுதுங்கள். வலைப்பக்கத்தை ஒரே சொடுக்கில் வெட்டி எடுக்கும் வசதிகள் பலவும் கணினியில்தான் முழுதாக வேலை செய்யும். போன் மட்டும்தான் என்றால் கீழே நான் சொல்லும் சில செயலிகளின் பலம் பாதியாகிவிடும்.

2. கணக்கு, ஓடிபி, காகிதம்

எந்தச் செயலியானாலும் ஒரு மின்னஞ்சல் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு போனால் குறிப்பும் போச்சு. ஆகவே முதல் வேலையாக இவற்றைத் தயார் செய்யுங்கள்.

சொந்த மின்னஞ்சல் கணக்கு ஒன்று வேண்டும். கல்லூரி கொடுத்த முகவரியில் தொடங்காதீர்கள். நோஷன் போன்ற குறிப்புச் செயலிகள் கல்லூரி முகவரிக்குக் கட்டணத் திட்டத்தை இலவசமாகத் தருகின்றன, ஆசையாகத்தான் இருக்கும். படிப்பு முடிந்ததும் கல்லூரி அந்தக் கணக்கை மூடிவிட்டால் மூன்று வருடக் குறிப்புக்குள் நுழைய வழியிருக்காது. சலுகை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே இறக்கி வையுங்கள்.

மீட்பு எண்ணாக எந்த செல்போன் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இது பெரிய பிரச்சினை. வீட்டில் ஒருவர் வளைகுடா போனதும் ஊர் சிம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ரீசார்ஜ் இல்லாமல் 90 நாள் சும்மா கிடக்கும் எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், வேறு யாருக்கோ கொடுத்தும் விடலாம். அதன்பின் ஓடிபி எங்கே வரும்?

கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டால் 10 மாற்று எண்களைத் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். அவற்றைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு, பட்டா நகல் இருக்கும் அதே உறையில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால் போன் தொலைந்த அன்று பிரயோஜனமில்லை. இன்னொன்று, 2 வருடம் தொடாமல் விட்ட கூகுள் கணக்கை அவர்கள் அழித்துவிடலாம். "பழைய கணக்கில் பத்திரமாக இருக்கிறது" என்று நம்பி விட்டுவைக்காதீர்கள்.

3. மூன்று சோதனைகள்

இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். இரண்டு செயலிகளை மட்டும் இறக்கி, இரண்டுக்கும் ஒரே சோதனையை வையுங்கள். ஐந்தாறு செயலிகளை ஒன்றாக இறக்கினால் எதையும் உருப்படியாகப் பார்க்க மாட்டீர்கள்.

*தமிழ்த் தேடல்.* புதுக் குறிப்பு ஒன்று திறந்து இந்த மூன்று வரிகளை அடியுங்கள்:

பாம்பனில் மழை.
மண்டபத்துக்குப் போனேன்.
இராமநாதபுரத்தில் கூட்டம்.

இப்போது தேடல் பெட்டியில் "பாம்பன்" என்று போடுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. காரணம் எளிது. "பாம்பன்" என்பதில் ன-வுக்குப் பிறகு புள்ளி இருக்கிறது, "பாம்பனில்" என்பதில் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிட்டது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் புள்ளியை விட்டுவிட்டு "பாம்பன" என்று தேடுங்கள். "மண்டபம்" வேண்டாம், "மண்டப" போடுங்கள். "ராமநாதபுர" என்று போட்டால் முன்னால் இகரம் வைத்து எழுதியதும் வைக்காமல் எழுதியதும் சேர்ந்தே வர வேண்டும்.

இப்படி வெட்டிப் போட்டும் கிடைக்கவில்லையென்றால் அந்தச் செயலி முழுச் சொல்லை மட்டும்தான் பார்க்கிறது என்று பொருள். சிலவற்றில் சொல்லின் பின்னால் நட்சத்திரக் குறி சேர்த்தால் வேலை நடக்கும். கீழே நான் சொல்லும் ஜாப்ளின் அந்த வகை. நட்சத்திரம் போட்டும் வரவில்லையா? அது ஆங்கிலக்காரர்களுக்கு நல்ல செயலியாக இருந்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கு வேண்டாம். ஆயிரம் குறிப்பு சேர்ந்த பிறகு தேடி எடுக்க முடியாவிட்டால் எழுதியும் எழுதாத கதைதான்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. "தொண்டி" என்பதில் வரும் "தொ"-வை ஒரே குறியோடும் அடிக்கலாம், "தெ" அடித்துத் துணைக்காலைத் தனியாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பல செயலிகளின் தேடலுக்கு ஒன்றல்ல. வெளியிலிருந்து வெட்டி ஒட்டிய பத்தியில் ஒரு சொல் இருப்பது தெரிந்தும் தேடலில் சிக்கவில்லையென்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சொல்லை அழித்து உங்கள் விசைப்பலகையில் மறுபடி அடித்தால் தீர்ந்தது.

*சிக்னல் இல்லாத சோதனை.* போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். செயலியை முழுதாக மூடித் திரும்பத் திறங்கள். பழைய குறிப்பு ஒன்றையும் அதோடு இணைத்த பிடிஎஃப்பையும் திறக்கப் பாருங்கள். குறிப்பு திறந்து பிடிஎஃப் திறக்காத செயலிகள் நிறைய உண்டு, ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். புதுக் குறிப்பு ஒன்றும் எழுதி, பிறகு இணையத்தைப் போட்டு அது மேலே ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

அரிச்சல்முனைப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே போன் அவ்வப்போது இலங்கைக் கோபுரத்தைப் பிடித்து வரவேற்புச் செய்தி வந்து நிற்கும். ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். பின்னணியில் குறிப்புகள் ஏறிக்கொண்டிருந்தால் பணம் கரைவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

*வெளியே எடுக்கும் சோதனை.* ஆரம்பத்தில் இதை யாரும் செய்வதில்லை, ஆனால் மூன்றிலும் முக்கியம் இதுதான். பத்துக் குறிப்பு எழுதியதும் "ஏற்றுமதி" எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வெளியே எடுத்த கோப்பை வேறொரு செயலியில், முடிந்தால் வேறொரு கருவியில் திறங்கள். தமிழ் எழுத்து உடையாமல் இருக்கிறதா? படங்கள் கூட வந்தனவா? எழுதிய தேதி தங்கியிருக்கிறதா? ஒவ்வொரு குறிப்பாகத்தான் எடுக்க முடியும் என்றால் அது ஏற்றுமதியே இல்லை.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கூகுளே நடத்திய நோட்புக் சேவை 2012-ல் மூடப்பட்டது. கட்டுரைகளைச் சேமித்துப் படிக்க உதவிய ஆம்னிவோர் 2024 நவம்பரில் நின்றது. அதே வேலைக்குப் பல வருடம் கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த பாக்கெட் செயலியை 2025 ஜூலை 8 அன்று மொசில்லா மூடியது. எவர்நோட் என்ற குறிப்புச் செயலி மூடவில்லை, ஆனால் 2023 டிசம்பரில் இலவசப் பயனாளருக்கு 50 குறிப்பு, ஒரு நோட்டுப் புத்தகம் என்று சுருக்கிவிட்டது. ஆய்வுக்கு 50 குறிப்பு ஒரு வாரம் வருமா?

4. யாருக்கு எது

போன் மட்டும் வைத்திருந்து, துண்டு துண்டாகக் குறித்தால் போதும் என்பவருக்கு கூகுள் கீப். இலவசம், சிக்னல் இல்லாமலும் திறக்கும், கூகுளின் டேக்அவுட் என்ற பக்கம் வழியாக மொத்தமாக வெளியே எடுக்கலாம். ஒரு குறிப்பில் சுமார் 20,000 குறிகளுக்கு மேல் ஏறாது (எழுத்து, புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் குறி). தமிழில் பல எழுத்துகளுக்கு இரண்டு குறி ஆகும் என்பதால் நீண்ட நேர்காணலை அப்படியே ஒட்ட முடியாமல் போகலாம். அதை கூகுள் டாக்ஸில் வைத்து இணைப்பை மட்டும் கீப்பில் போடுங்கள்.

கையால் வரைந்து, படம் ஒட்டி, பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்நோட் பிடிக்கும். மீன்வலையின் படம், படகின் பாகம் என்று வரைந்து குறிப்பவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. 5 ஜிபி இடம் இலவசம். வெளியே எடுப்பதுதான் சள்ளை. விண்டோஸ் கணினி இருந்தால் பகுதி பகுதியாக எடுக்கலாம், போனிலிருந்து மொத்தமாக எடுக்கலாம் என்று நம்பாதீர்கள்.

நோஷன் பார்க்க அழகு. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே அட்டவணையில் வேலை செய்வதற்கு ஏற்றது. இணையமில்லாமல் திறக்கும் வசதி 2025 ஆகஸ்டில்தான் வந்தது. அதிலும் இலவசத் திட்டத்தில் வேண்டிய பக்கங்களை நீங்களே முன்கூட்டிக் குறித்து வைக்க வேண்டும். ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் ஏறாது. ஸ்கேன் செய்த பழைய புத்தகத்துக்கு இது ஆகவே ஆகாது.

கணினியும் போனும் இருக்கிறது, காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஜாப்ளின். திறந்த மூல மென்பொருள். டிராப்பாக்ஸ் அல்லது ஒன்டிரைவ் கணக்கோடு இணைத்தால் இரண்டு கருவிக்கும் குறிப்பு போய்வரும். வலைப்பக்கத்தை வெட்டி எடுக்கும் நீட்சி கணினியில் நன்றாகவே வேலை செய்கிறது. தமிழ்த் தேடல் சோதனையை மட்டும் இதில் பொறுமையாகச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் சொந்த விருப்பம் ஆப்சிடியன். குறிப்புகள் உங்கள் கருவியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். செயலியே காணாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். வெட்டிய சொல்லைப் போட்டாலும் தேடல் பிடித்துவிடுகிறது. பிரச்சினை ஒன்றுதான், போனுக்கும் கணினிக்கும் இடையே கோப்புகளைத் தானாகக் கொண்டுபோக அவர்கள் காசு கேட்பார்கள். கூகுள் டிரைவில் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைப்பீர்கள். ஆண்ட்ராய்டில் டிரைவ் செயலி ஒரு கோப்புறையைத் தானாக ஒத்திசைத்துக் கொடுக்காது. வாரம் ஒருமுறை கேபிள் போட்டு நகலெடுப்பதே போதும் என்பவர்களுக்குச் செலவே இல்லை.

இப்படிக் கோப்புப் பெயரே தலைப்பாக இருக்கும் செயலிகளில் நீளத் தமிழ்த் தலைப்பு வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், கூட்டிக் கழித்தால் 85 குறி. "ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் பாசி சேகரிக்கும் பெண்களின் வாழ்வாதாரம் குறித்த கட்டுரை" என்று வைத்தால் கோப்பு சேமிக்காது, அல்லது ஒத்திசைக்கும்போது சத்தமில்லாமல் விட்டுப்போகும். "பாசி பெண்கள் வாழ்வாதாரம்" போதும்.

கட்டுரைகளும் பிடிஎஃப்களும்தான் உங்கள் ஆய்வின் முதுகெலும்பு என்றால் மேலே சொன்ன எதைத் தேர்ந்தாலும் கூடவே ஸோட்டெரோவையும் வைத்துக்கொள்ளுங்கள். அது குறிப்பேடு மாதிரி இல்லை, நூலகர் மாதிரி. கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாவற்றையும் தானே எடுத்து வைக்கும், கடைசியில் மேற்கோள் பட்டியலையும் அடித்துக் கொடுக்கும். ஆய்வேடு எழுதுபவர்கள் முதல் நாளிலேயே இதைத் தொடங்கிவிட்டால் கடைசி மாதத்துத் தலைவலி பாதி குறையும்.

5. ஒரு குறிப்பில் என்ன இருக்க வேண்டும்

செயலியைவிட இது முக்கியம். மாதிரிக்கு ஒன்று:

தலைப்பு: தடைக்காலம், கிழக்குக் கடற்கரை
விஷயம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்கு. நாட்டுப்படகுக்கு விலக்கு.
முன்பு: 45 நாள், மே 29-ல் முடியும். 2017-ல் 61 ஆனது.
எங்கே: பத்திரிகைப் பெயர், வெளியான தேதி, பக்க முகவரி
பார்த்த நாள்:
நகல்: வேபேக் மெஷின் (வலைப்பக்கங்களை நகலெடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் சேவை) முகவரி
என் எண்ணம்: சங்கத்து மனுவில் பழைய 45 நாள் கணக்கு இருக்கிறதா?

தடைக்காலம் என்று தேடிப் பாருங்கள், 45 நாள் என்று சொல்லும் பக்கமும் 61 நாள் என்று சொல்லும் பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் வரும். இரண்டுமே பொய்யில்லை. எழுதப்பட்ட ஆண்டுதான் வேறு. வெளியான தேதியைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் ஆறு மாதம் கழித்து எது சரியென்று உங்களுக்கே தெரியாது.

இதே பொறி மாவட்டக் கணக்குகளிலும் உண்டு. 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தார்கள், இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள் அப்படி வந்தவை. அதற்கு முந்தைய புத்தகத்தில் "ராமநாதபுரம் மாவட்டம்" என்று வரும் மக்கள்தொகை, பரப்பு, கண்மாய்க் கணக்கு எல்லாவற்றிலும் அந்தப் பகுதிகளும் சேர்ந்திருக்கும். இத்தகைய குறிப்புகளுக்கு "1985முன்" என்று ஒரு அடையாளச் சொல் போட்டு வையுங்கள். பாம்பன் பாலத்துக்கும் அப்படித்தான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமா, 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலமா என்று குறிக்காவிட்டால் நீளமும் உயரமும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

"என் எண்ணம்" என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டியது எது, நீங்கள் யோசித்தது எது என்பது பிரிந்திருக்க வேண்டும். பிறகு கட்டுரை எழுதும்போது அடுத்தவர் வாக்கியம் உங்கள் வாக்கியமாகத் தெரியாமல் நுழைந்துவிட்டால் வழிகாட்டிப் பேராசிரியரிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

முக்கியமான பக்கம் ஒவ்வொன்றையும் படித்த அன்றே வேபேக் மெஷினில் "பக்கத்தைச் சேமி" பகுதியில் முகவரியைப் போட்டு நகலெடுங்கள். காசில்லை, கணக்கும் தேவையில்லை. மாவட்டச் செய்திகள் ஒன்றிரண்டு வருடத்தில் காணாமல் போவது சகஜம். ஆனால் 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவ் தளமே தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள் முடங்கியது. ஆகவே உயிர்போகிற அளவு முக்கியமென்றால் குரோமில் அச்சிடப் போய் பிடிஎஃப்பாகவும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. பாமினியும் ஸ்கேனும்

பழைய தமிழ் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து தாறுமாறாக வருகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி யூனிகோடாக மாற்றிய பிறகே குறிப்பில் சேருங்கள். டிடிபி கடையில் எதையாவது தட்டச்சு செய்யக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிவிட வேண்டும். "அண்ணே, யூனிகோடுல அடிச்சுக் குடுங்க, பாமினி வேணாம்" என்று முதலிலேயே சொல்லாவிட்டால் அவர் கை பழகிய பாமினியில்தான் வரும்.

ஸ்கேன் செய்த படமாக இருக்கும் பக்கத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருந்தால்தான் ஒழுங்காக வரும், ஆகவே வேண்டிய பக்கங்களை மட்டும் பிரித்து ஏற்றுங்கள். துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும், ஒரு தடவை வாசித்துத் திருத்துங்கள். எண்களை இரண்டு தடவை பாருங்கள்.

7. செலவு

பெரும்பாலோருக்குப் பூஜ்யம். காசு கேட்பது இடத்துக்கும் ஒத்திசைவுக்கும்தான்.

கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம், ஆனால் அதில் மின்னஞ்சலும் புகைப்படமும் சேர்ந்தே கணக்கு. நிரம்பினால் 100 ஜிபி திட்டம் மாதம் சுமார் 130 ரூபாய். ஸோட்டெரோவில் கோப்புகளுக்கு 300 எம்பி வரை இலவசம். ஸ்கேன் பிடிஎஃப் ஒவ்வொன்றும் 50, 60 எம்பி என்று இருந்தால் ஐந்தாறிலேயே நிரம்பிவிடும். 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர், நம் பணத்தில் 1,700 ரூபாயைத் தாண்டும். ஆனால் கோப்பை உங்கள் கணினியிலேயே வைத்து இணைப்பு மட்டும் கொடுத்தால் அந்த இடக் கணக்கில் சேராது. ஆப்சிடியனின் ஒத்திசைவு ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் மாதத்துக்கு 4 டாலர் ஆகும்.

டாலர் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போடுபவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கிறார்கள். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, வங்கியும் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று கொஞ்சம் பிடிக்கும். பலரின் டெபிட் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை அணைந்தே இருக்கும், வங்கிச் செயலியில் போய் இயக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டும் வசதி இருந்தால் யூபிஐயிலேயே முடித்துவிடலாம், அதுதான் தொல்லையில்லாத வழி. "ஏழு நாள் இலவசம்" என்று சொல்வதில் ஆட்டோபே போட்டால் ஆறாம் நாளுக்கு போனில் நினைவூட்டல் வையுங்கள்.

8. ஆட்களின் பெயரைக் கவனமாக எழுதுங்கள்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை அனுமதியில்லாமல் போக முடியாது. பாசி எடுக்கும் அக்காமார்களிடம் பேசி, யார் எந்தத் தீவுப் பக்கம் எப்போது போனார்கள் என்று பெயரும் போன் எண்ணும் போட்டுப் பகிர்ந்த குறிப்பில் எழுதி வைக்காதீர்கள். அது வேறொருவர் கைக்குப் போனால் அபராதம் கட்டப்போவது நீங்களில்லை. இணையக் குறிப்பில் அ1, அ2 என்று மட்டும் போதும். எது யார் என்ற பட்டியலை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

9. எவ்வளவு நாள், எப்போது நகல்

சோதனைக்கு ஒரு மாலை. தேர்ந்த செயலியில் ஒரு வாரம் சும்மா எழுதிப் பார்ப்பது. பழைய செயலியிலிருந்து மாற்றுவதென்றால் நூறு குறிப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமென்ற கட்டாயமில்லை. கடந்த ஆறு மாதம் திறக்காததைப் பழைய இடத்திலிருந்து ஏற்றுமதி செய்து ஒரு கோப்புறையில் போட்டுவிட்டு மேலே போங்கள். ஆய்வேடு கொடுக்கும் தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் செயலியை மாற்றவே மாற்றாதீர்கள், அது எவ்வளவு மோசமானாலும் சரி.

மாதம் ஒருமுறை மொத்தமாக ஏற்றுமதி. சம்பள நாளோ, கேஸ் சிலிண்டர் பதியும் நாளோ, எதனோடாவது சேர்த்து வைத்தால் மறக்காது. அந்தக் கோப்பு மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணினியில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற மேகக் கணக்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் அண்ணனோ தங்கையோ வைத்திருக்கும் பென் டிரைவில் ஒன்று. கரையோர வீட்டில் வைக்கும் பென் டிரைவை நம்பாதீர்கள். உப்புக்காற்றில் அதன் முனை பச்சை பூத்து ஒரு வருடத்தில் செத்துப்போவது வழக்கம். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகித் திறந்து பாருங்கள். போனின் சார்ஜ் ஓட்டைக்கும் ஒரு ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள், இருபது முப்பது ரூபாய்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை போதாது, வாரம் ஒருமுறை எடுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கரண்டும் போகும், டவரும் போகும், தரையில் வைத்த லேப்டாப் பையும் நனையும். வானிலை எச்சரிக்கை வந்த அன்று மாலையே ஏற்றுமதி செய்து வெளியூர் ஆளுக்கு அனுப்பிவிட்டு, போனையும் பவர் பேங்கையும் முழுதாகச் சார்ஜ் போட்டுவிடுங்கள்.